மாதிரி வீட்டில் நாலு பேர்

எல்லோரும் அவரை முக்கால் என்றுதான் கூப்பிடுவார்கள். தச்சு வேலையில் கைதேர்ந்த மனிதர். அதில் அவருக்கு ஆகாதவன்கூடக் குறை சொல்ல மாட்டான். ஆனால் எந்த வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று யார் கேட்டாலும், "முக்காவாசி முடிஞ்சுது" என்பார். இன்னும் மரமே வாங்காத வேலைக்கும் அந்தப் பதில்தான், முடித்துக் கொடுத்து மூன்று மாதம் ஆன வேலைக்கும் அந்தப் பதில்தான். வாய் அப்படிப் பழகிவிட்டது. மகள் பிறக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் யாரோ விசாரித்தபோதும் அதையே சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தக் கதை பொய் என்று அவர் மனைவி இதுவரை சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஆறு மாதமாக ஒரு பாழடைந்த ஐஸ் ஃபேக்டரிக்குள் வீடு கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாக நாதியற்றுக் கிடந்த இடம் அது. கூரை என்றைக்கோ விழுந்துவிட்டது. ஒரு மூலையில் அத்திமரம் சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்து நின்றது. துருப்பிடித்த குழாய்களில் வௌவால்கள் வாடகை இல்லாமல் குடியிருந்தன. ஆனால் சுவர் மட்டும் இரண்டரை அடி கனத்தில் அசையாமல் நின்றது. உள்ளே இருக்கிற குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று கட்டிய சுவர் அல்லவா! ஐஸ் பாளங்களை அடுக்கி வைத்த பதினான்கு அறைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் பதினாறடிக்குப் பதினைந்தடி. அந்த ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு முழு வீட்டைச் செருகிவிடுவது என்று இடத்தை வாங்கிய கட்டடக் கம்பெனி முடிவு செய்தது.

அதிலும் ஒரு நிபந்தனை. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இலாகா, பழைய சுவரில் ஓர் ஆணிகூட இறங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அதனால் எல்லாமே மரச் சட்டத்தில் தனியாக நிற்க வேண்டும். கம்பெனியின் இன்ஜினியர் பெண்ணுக்கு இருபத்தேழு வயது, தனியாக வாழ்கிறவள், மூளைக்காரி. கட்டிலுக்கு ஒரு தாள், மேசைக்கு ஒரு தாள், அலமாரிக்கு ஒரு தாள், பரண் ஏணிக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக வரைந்து கொடுத்தாள். கட்டில் சுவரிலிருந்து இறங்கும். மேசை அடுப்பு மேடைக்கு அடியிலிருந்து நீளும். ஏணி மேலேயிருந்து வரும். ஒவ்வொன்றையும் முக்கால் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி செய்து பொருத்தினார். பொருத்தியதும் திறந்து பார்ப்பார், மூடிப் பார்ப்பார், கையைத் தட்டிக்கொண்டு அடுத்த தாளை எடுப்பார். ஒன்றை மூடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும் என்பது பட்டறையில் முதல் நாளிலேயே படிகிற பழக்கம். அதனால் இரண்டை ஒரே நேரத்தில் திறந்து பார்க்கிற எண்ணம் அவருக்கு ஒருநாளும் வரவில்லை. நடுவில் இருந்த ஆறடித் தரையை எல்லாத் தாள்களும் தனக்கே தனக்கு என்று நினைத்துக்கொண்டிருந்த விஷயம் யாருக்கும் உறைக்கவில்லை.

குளியலறைக் கதவு மட்டும் தாளில் இருந்தபடி இல்லை. அங்கே பக்கவாட்டில் நகர்கிற தள்ளுகதவு போட்டிருந்தாள் இன்ஜினியர் பெண். அதற்கு மேலே தண்டவாளம் வேண்டும், தண்டவாளத்தைப் பழைய சுவரில் அடிக்க முடியாது, தரையிலிருந்து தனியாக ஒரு மரக்கால் நட வேண்டும், அதற்கு இரண்டு நாள் ஆகும். முக்கால் யோசித்தார். கீல் வைத்து வெளிப்பக்கம் திறக்கிற சாதாரணக் கதவாக மாட்டிவிட்டார். கதவு எந்த மட்டில் இருக்கிறது என்று இன்ஜினியர் பெண் கேட்டபோது, "முக்காவாசி முடிஞ்சுதும்மா" என்று சொன்னார். அவளும் போய்ப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

இந்த வேலைதான் அவருக்கு உயிர்நாடி. கட்டிய ஆட்களில் மூன்று குடும்பங்களுக்கு முதல் மூன்று வீடு என்று கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. ஒன்றாம் எண் வீடு முக்காலுக்கு. பதினோரு வருஷமாக மனைவியின் அண்ணன் வீட்டு நடு அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிற மனிதருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வீட்டு வசதி அலுவலகத்தின் கையெழுத்து வர வேண்டும். முதலில் கட்டிய மாதிரி வீடு தேறாவிட்டால் பதினான்கு அறையையும் கிடங்காக்கிவிடுவேன் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அந்தக் கையெழுத்துக்கு ஒரு பரீட்சை இருந்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நாலு பேர், காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை மாதிரி வீட்டில் வாழ்ந்து காட்ட வேண்டும். அதிகாரி கூடவே உட்கார்ந்து இருபத்திரண்டு கேள்விக்குப் பதில் எழுதுவார். முக்கால் வீட்டில் அவர், மனைவி, கல்லூரியில் படிக்கிற மகள். மூன்று பேர்தான். நாலாவது ஆள் யார் என்று மனைவி யோசிக்கக்கூட இல்லை.

"எங்கண்ணன் இருக்காரு" என்றாள்.

மச்சானோடு முக்காலுக்குப் பேச்சுவார்த்தை நின்று நாலு வருஷம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, நாலு வருஷம் பேசாமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். இரண்டு பேருக்கும் அது இருந்தது. விஷயம் இவ்வளவுதான்: ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் மச்சான், "என் வீட்லயே உக்காந்திருக்கற தச்சருக்கு என் அலமாரிக்கு ஒரு கதவு போட நேரமில்ல" என்று சொல்லிவிட்டார். சிரிக்கத்தான் சொன்னார். முக்காலுக்கு 'என் வீட்ல' என்ற இடம் சுருக்கென்று தைத்தது. இனி இந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்க மாட்டேன் என்று அன்றைக்கு எடுத்த சபதத்தை, வாழ்க்கையில் முதல் தடவையாக, முழுசாக நிறைவேற்றிக்கொண்டிருந்தார்.

மச்சான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆள் வாட்டசாட்டம். தங்கை கேட்டதும், "வரேன். ஆனா அவர்கிட்ட நான் பேச மாட்டேன்" என்றார். "பேசணும்னு ஃபாரத்துல இல்லண்ணே" என்றாள் தங்கை.

குறித்த நாளில் காலை ஒன்பதுக்குப் பெண் அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் அட்டை, அட்டையில் ஃபாரம். வாசலுக்குப் பக்கத்தில், அலமாரிக்கு ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "என்னை ஒரு ஆளா நினைக்காதீங்க. நீங்க பாட்டுக்கு இயல்பா வாழுங்க" என்றார். இருக்கிறதே பதினாறடிக்குப் பதினைந்தடி. அதில் ஒரு நாற்காலியும் அதிகாரியும் போனால் மிச்சத்தில் எப்படி இயல்பாக வாழ்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நாலு பேரும் நின்றபடியே ஒருவரையொருவர் பார்த்து இயல்பாகச் சிரித்தார்கள். இன்ஜினியர் பெண் வெளியே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மனைவிதான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். நடு அறையில் பதினோரு வருஷம் பழகியவள், இடத்தை எப்படி ஆள்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "நீ ஏணியை இறக்கி மேல போய்ப் படி. போனதும் ஏணியை ஏத்திடு. அண்ணே, நீங்க ஜன்னலோரம். என்னங்க, நான் மீன் வறுக்கறேன், யாரும் மேசையைத் தொடாதீங்க" என்று கையை நீட்டி நீட்டி உத்தரவு போட்டாள். எதுவும் ஒன்றோடு ஒன்று இடிக்கவில்லை. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். மீன் வாசனை அலமாரிக்குள் புகுந்து துணியில் ஏறியதைக்கூட அவர் பெரிதுபடுத்தவில்லை. "காற்றோட்டம், பரவாயில்லை" என்று எழுதியதை முக்கால் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார்.

மச்சானும் முக்காலும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். ஏதாவது தேவைப்பட்டால் அவள் வழியாகப் போகும்.

"உங்க அண்ணன்கிட்ட அந்த ஸ்டூல் உள்ள பெட்டி மாதிரி திறக்கும்னு சொல்லு."

"திறந்து பாத்துட்டேன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை. அதிகாரி கண்ணாடிக்கு மேலாக இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் காது கேக்காதா?" என்று கேட்டார்.

"நல்லா கேக்கும் மேடம்" என்றாள் மனைவி. "பழக்கம்."

மூன்று மணிக்குத்தான் மேசையை நீட்டிச் சாப்பிட்டார்கள். அருமையாக நடந்தது. மகள் தட்டை வாங்கிக்கொண்டு பரண் ஏறிவிட்டாள். இருபதாவது கேள்வி வரைக்கும் எல்லாம் சுபம். முக்கால் மனசுக்குள் ஒன்றாம் எண் வீட்டுக்குச் சாமான் ஏற்ற ஆரம்பித்துவிட்டார். சாப்பிட்ட கையோடு மனைவி குளியலறைக்குள் போனாள். அங்கேதான் எல்லாம் கெட்டது. போலீஸ் இல்லாத நாற்சந்தியாகிவிட்டது வீடு.

மச்சானுக்குச் சாப்பிட்டதும் ஒரு கால்மணி நேரம் சாய வேண்டும். முப்பது வருஷம் டிப்போவில் பழகிய பழக்கம். சுவரில் தொங்கிய கட்டில் வாரைப் பார்த்தார். யாரையும் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்பதாக இருந்தால் முக்காலிடம்தான் கேட்க வேண்டும். பிடித்து இழுத்தார். முக்கால் அந்தப் பக்கம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கட்டில் கம்பீரமாக இறங்கி வந்து மேசை விளிம்பைத் தொட்டு நின்றது. அந்த அதிர்ச்சியில் அலமாரிக் கதவு படாரென்று திறந்துகொண்டு போய்க் கட்டிலின் மேல் விளிம்பில் மாட்டிக்கொண்டது. அதிகாரி அந்தக் கதவுக்குப் பின்னால் மறைந்துபோனார். அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது. குளியலறைக் கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்து, கட்டிலில் முட்டி நின்றது. இடுக்கு வழியாக மனைவியின் விரல்கள் வெளியே வந்தன. ஆள் வர வழியில்லை.

"என்ன ஆச்சு?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"ஒண்ணுமில்ல, முக்காவாசி..." என்று ஆரம்பித்த முக்கால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

விரல்கள் உள்ளே போயின. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

முக்கால் நிலைமையை ஒரு பார்வை பார்த்தார். மேசையை மடக்க வேண்டும் என்றால் கட்டில் மேலே போக வேண்டும். கட்டில் மேலே போக வேண்டும் என்றால் அலமாரிக் கதவு மூட வேண்டும். அலமாரிக் கதவு மூட வேண்டும் என்றால் கட்டில் கீழே இறங்க வேண்டும். கட்டில் கீழே இறங்க வேண்டும் என்றால் மேசை மடங்க வேண்டும். ஆறு மாதமாகத் தன் கையாலேயே இழைத்து இழைத்து இப்படி ஒரு சிக்கலைச் செய்து வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வெளியே ஜன்னலில் இன்ஜினியர் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

வழி இல்லாமல் இல்லை. அந்தப் பக்கம் நிற்கிறவர் கட்டிலை நாலு விரல் தூக்கிப் பிடித்தால், இந்தப் பக்கம் குனிந்து மேசைக் காலின் கொக்கியை விடுவித்துவிடலாம். இருவரும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். நடுவில் கட்டில் சுவர் மாதிரி நிற்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வாய் விட்டுச் சொன்னால்தான் உண்டு.

முக்கால் பரணைப் பார்த்து, "உங்க மாமாகிட்ட கட்டிலைக் கொஞ்சம் தூக்கச் சொல்லும்மா" என்றார்.

"எவ்ளோ தூக்கணும்னு உங்க அப்பாகிட்ட கேளு" என்றார் மச்சான்.

"நாலு விரல்னு சொல்லு."

"யாரு விரல்னு கேளு."

மகள் பரணிலிருந்து தலையை நீட்டிக் கீழே பார்த்தாள். "எனக்கு நாளான்னிக்குப் பரீட்சை. ரெண்டு பேரும் பெரியவங்கதானே, நீங்களே பேசிக்கோங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டாள். தலை உள்ளே போய்விட்டது.

அலமாரிக் கதவுக்குப் பின்னாலிருந்து பேனா எழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு வரியும் ஒன்றாம் எண் வீட்டிலிருந்து ஒரு சாமானை இறக்கி வெளியே வைக்கிற மாதிரி இருந்தது. பேசினால் என்ன? நாக்கு என்ன தேய்ந்தா போய்விடும்? ஆனால் நாலு வருஷம் கட்டிக் காத்த ரோஷம், குறுக்கே உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. மனுஷனுக்கு எப்பேர்ப்பட்ட நேரத்தில் என்னவெல்லாம் கௌரவம் பார்க்கத் தோன்றுகிறது!

"யாராவது கொஞ்சம் தூக்கினா நல்லாருக்கும்" என்றார், யாரையும் குறிப்பிடாமல்.

"என்னையா சொல்றீங்க?" என்றது அதிகாரியின் குரல்.

"ஐயோ, இல்ல மேடம்!"

அந்தப் பக்கம் மச்சான் மூச்சு வாங்குவது கேட்டது. வார் அவர் கையில் இருந்தது. விட்டால் கட்டில் முழுப் பாரத்தோடு மேசையில் விழும், மேசை உடையும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அறுபத்திரண்டு வயது மனிதர், சாப்பிட்டு முடித்த வயிற்றோடு, ஒரு வார்த்தை சொல்லாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது முக்காலுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மச்சான், தூக்குங்க."

கட்டில் ஒரு விரல் மேலே போனது.

"இவ்ளோ போதுமா மாப்ள?"

"இன்னும் கொஞ்சம். வரலாம். வரலாம். இன்னும் வரலாம்... போதும், போதும்! நிறுத்துங்க!"

"சீக்கிரம், பாரம் தாங்கல."

"கொக்கி வந்துருச்சு. மேசை போயிருச்சு. இப்ப மெதுவா இறக்குங்க. இடதுபக்கம் ஒடிங்க. ஆங், நேரா விடுங்க."

முப்பது வருஷம் பஸ்ஸைப் பின்னால் எடுத்த கை, கட்டிலை ஓர் உரசல் இல்லாமல் தரைக்குக் கொண்டுவந்தது. அலமாரிக் கதவு விடுபட்டு மூடியது. அதிகாரி வெளிச்சத்துக்கு வந்தார். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலைச் சுவரில் ஏற்றினார்கள். ஆறடித் தரை மறுபடியும் காலியாகத் தெரிந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் எதிரும் புதிருமாக நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதிகாரி பேனாவை மூடாமலே கேட்டார். "அந்தக் குளியலறைக் கதவு தாள்ல தள்ளுகதவுன்னு இருக்கு. இங்க வெளிப்பக்கம் திறக்குது. கட்டில் இறங்கினா உள்ள இருக்கறவங்க கதி என்ன? யாரு மாத்தினது?"

ஜன்னலுக்கு அப்பால் இன்ஜினியர் பெண் வாயைத் திறந்து திறந்து மூடினாள். அவள் தலையில் போட்டுவிட்டால் அன்றைக்குத் தப்பிக்கலாம். முக்காலுக்கு அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, போய்விட்டது.

"நான்தான் மேடம். ரெண்டு நாள் வேலை மிச்சம்னு நான்தான் மாத்தினேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியாது."

அதிகாரி எழுதினார். நிறைய எழுதினார். முக்கால் குளியலறைக் கதவுக்குப் போய் மெதுவாகத் தட்டினார். "வழி ஆயிருச்சு, வெளிய வா." மறுபடி தட்டினார். "ஏய், வாயேன். மேடம் காத்திருக்காங்க." பதில் இல்லை. மயக்கம் போட்டுவிட்டாளோ என்று அவருக்குப் பகீரென்றது.

"இருக்கேன், இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன். பதினோரு வருஷத்துல ஒரு கதவைச் சாத்திக்கிட்டு சும்மா உக்காந்தது இன்னிக்குத்தான். அங்க நடு ரூம்ல ஒரு திரைச்சீலைதான். எல்லாரும் அது வழியாத்தான் சமையலறைக்குப் போவாங்க. குளிக்கப் போனாக்கூட ரெண்டு பேர் வந்து தட்டுவாங்க. இங்க யாராலயும் வர முடியலையா, நல்லா இருந்துது."

முக்கால் தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. ஊரில் எத்தனை வீட்டுக்குக் கதவு போட்டிருப்பார்! நானூறு இருக்குமா, ஐநூறு இருக்குமா? பொண்டாட்டி படுக்கிற அறைக்கு ஒன்று போடவில்லை. முதல் ஏழு வருஷம் நேரமில்லை. அடுத்த நாலு வருஷம் ரோஷம். அவள் ஒருநாளும் கேட்டதில்லை என்பதை நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. பக்கத்தில் மச்சானின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் அந்தத் திரையை விலக்கிக்கொண்டு காபிக்குப் போகிற முதல் ஆள் அவர்தான்.

அதிகாரி ஃபாரத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். இருபத்திரண்டாவது கேள்வி: குடியிருப்போருக்குத் தனிமை கிடைக்கிறதா? காலையில் வந்த உடனேயே 'இல்லை' என்று எழுதி வைத்திருந்தார். அதை இரண்டு தடவை நன்றாக அடித்துவிட்டுப் பக்கத்தில் 'கிடைக்கிறது' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

"பத்து நாள்ல தள்ளுகதவு மாட்டியாகணும். நானே வந்து தள்ளிப் பாப்பேன். முக்காவாசி, அரைவாசின்னு சொல்லக் கூடாது. அதே மாதிரி, உள்ள தாழ்ப்பாள் இருக்கணும்" என்றார்.

"ரெண்டு தாழ்ப்பாள் போடறேன் மேடம்" என்றார் முக்கால்.

"மரக்காலை நான் பிடிச்சுக்கறேன் மாப்ள" என்றார் மச்சான், தரையைப் பார்த்துக்கொண்டே.

அதிகாரி அட்டையைப் பையில் வைத்தார். எழுந்தார். ஆனால் போகவில்லை. கொஞ்சம் நெளிந்தார். "காலையில ஒன்பது மணியிலேர்ந்து நானும் இங்கயேதான் உக்காந்திருக்கேன்" என்று குளியலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். "அவங்க வர எவ்ளோ நேரமாகும்?"

"வெளியில ஆளுங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு மேடம்" என்றார் முக்கால் உடனே. "அத்திமரத்துக்கு அந்தப் பக்கம். சுத்தமாத்தான் இருக்கும்."

"இன்ஜினியரம்மா கூட்டிட்டுப் போவாங்க மேடம்" என்றார் மச்சான்.

அதிகாரி அவர்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேகமாக வெளியே நடந்தார். மச்சானும் மாப்பிள்ளையும் கதவுக்கு இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்தார்கள். பேசுவதற்கு நாலு வருஷத்து விஷயம் இருந்தது. இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மகள் ஏணியை இறக்கிக் கீழே வந்தாள். "அம்மா எங்க? நாலு மணி ஆச்சே, போகலாமா?" என்று கேட்டுக்கொண்டே குளியலறைக் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

கீழேயிருந்து இரண்டு கைகள் நீண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டன.

"இரும்மா" என்றார் முக்கால். "வரும்போது வரட்டும்."